காய்ச்சலோடு எழுதிய பரீட்சை

எங்கள் குசினிச் சுவரில் யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தாள் ஒன்றரை வருடம் ஒட்டியிருந்தது. மகள் ஒட்டியது. பெட்டி பெட்டியாகக் கோடு போட்டு, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பாடத்தின் பெயர், அதற்குரிய புள்ளி, பரீட்சை நாள், கடைசியில் ஒரு வெற்றிடம். முடிவு வந்ததும் அந்த வெற்றிடத்தில் ஓர் எண்ணை எழுதுவாள். வேலைக்குப் போகுமுன் தேநீர்க் கோப்பையோடு நான் அதன் முன்னால் நிற்பேன். பாடங்களின் பெயர்கள் அவ்வளவு நீளம், வாசித்து முடிக்குமுன் தேநீர் ஆறிவிடும். ஆகவே எண்களை மட்டும் பார்ப்பேன்.

இந்த நாட்டில் எண் குறையக் குறைய நல்லது. ஒன்று என்றால் மிக நல்லது. நான்கு என்றால் தட்டுத்தடுமாறித் தேறியது. ஐந்து என்றால் தோல்வி. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலேயே இது எனக்குப் பழகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் வேறு சில விதிகளும் இருந்தன. அவற்றை நான் கேட்டு அறிந்துகொள்ளவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னார்க் கரையில் அப்போதிருந்த நிலைமையில் எங்கள் பள்ளிக்கூடம் ஒரு நாள் பூட்டியது, பிறகு திறக்கவில்லை. திறந்தபோது நான் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தேன். இருபது வயதில் ஜெர்மனிக்கு வந்தேன். வந்து முப்பது வருடமாகியும் கடையில், அலுவலகத்தில், டாக்டர் வீட்டில் யாராவது என்னிடம் கேள்வி கேட்டால் எனக்குப் பேச்சு வராது. மொழி தெரியாததால் என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழிலும் நான் அப்படித்தான் என்பது மனைவிக்குத் தெரியும்.

வுப்பர்டாலில் எங்கள் தெரு முடிகிற இடத்தில், படிகளால் இறங்கிப் போனால், ஒரு மருந்துக்கடை இருக்கிறது. மனைவிக்கு இரத்த அழுத்தக் குளிசை வாங்கப் போகும்போது மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. கடைப் பெண் சொல்வதை அவள் தமிழில் எனக்குச் சொல்வாள். நான் தலையாட்டுவேன். அப்பாவுக்கு விளங்கிவிட்டதாம் என்று அவள் ஜெர்மனில் திருப்பிச் சொல்வாள். மேசையின் விளிம்பு அவள் மூக்குக்குச் சரியாக இருந்தது. போகும்போது அந்தப் பெண் ஒரு சர்க்கரை வில்லை கொடுப்பாள். ஒரு நாள் படியேறி வரும்போது வில்லையை வாயில் ஒதுக்கிக்கொண்டு மகள் சொன்னாள்: “அப்பா, நான் பெரிசா வந்து அந்த மேசைக்கு அங்காலப் பக்கம் நிப்பன். நீங்க வந்து தமிழிலயே கேக்கலாம்.”

அதை நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. பள்ளிக்கூடம் முடித்து மருந்தாளர் படிப்புக்கு விண்ணப்பித்தாள். மதிப்பெண் கொஞ்சம் போதாமல் போய்விட்டது. அழவில்லை. தானே விசாரித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் ஊரிலேயே இரசாயனம் படிக்கத் தொடங்குவது. ஒரு வருடம் முடிய வேறொரு நகரத்தின் பல்கலைக்கழகத்தில் மருந்தாளர் படிப்பின் இரண்டாம் வருடத்துக்கு மாறுவது. அங்கே இடையில் விட்டுப்போகிறவர்களால் இரண்டு மூன்று இடம் காலியாகுமாம். அதற்கு, தேறிய பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளிகளைக் கூட்டினால் அறுபது இருக்க வேண்டும். சராசரி எண்ணும் நன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த இரண்டு மூன்று இடத்துக்குப் பலர் போட்டி.

முதல் குளிர்காலத்தில் கணிதத்தில் தவறிவிட்டாள். அறுபதில் பாதியும் சேரவில்லை. மிச்சம் முழுவதையும் கோடையில் எடுக்க வேண்டியதாயிற்று. மற்றப் பிள்ளைகள் ஐந்து பாடம் எடுக்கும் இடத்தில் அவள் சுவர்த் தாளில் எட்டுப் பெட்டி கீறினாள்.

முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்யும் மனைவி, வேலையால் வந்த களைப்போடு அந்தத் தாளைப் பார்த்தாள். “இதென்னடி இது, எட்டு? ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் எண்டு உனக்குத் தெரியுமோ?”

“குறைச்சால் புள்ளி காணாது அம்மா. கூட எடுத்தால் சராசரி பழுதாப் போகும். ரெண்டுக்கும் நடுவில நிக்கிறன்.”

“நடுவில நிண்டது காணும். வந்து சோத்தைத் தின்.”

எனக்கு அந்த எட்டுப் பெட்டியில் பெருமைதான். கூட வேலை செய்வது எனக்கு விளங்கும் விஷயம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உடம்புக்கு வருத்தம் என்று வேலைக்கு லீவு போடுவதைக் ‘கிராங்க் எடுப்பது’ என்போம். அதைச் சொல்லும்போதே குரலில் ஓர் இளக்காரம் இருக்கும். கோயிலில் பூசை முடிந்து ஆண்கள் கூடி நிற்கும்போது, “இருவது வருசத்தில நான் ஒரு நாள் கிராங்க் எடுத்ததில்லை” என்று ஒருவர் சொன்னால் மற்றவர் விட்டுக்கொடுக்காமல், “நான் கால் முறிஞ்சும் போனனான்” என்பார். அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருந்த நாட்களில் உணவகக் குசினிகளில் படித்த பாடம் அது. அங்கே காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றால் மறுநாள் உன் இடத்தில் வேறொருவன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பான். பிறகு எனக்கு விசா சரியாகி, கருவிகள் செய்யும் தொழிற்சாலையொன்றில் பொதி கட்டும் பிரிவில் நிரந்தர வேலை கிடைத்தது. சட்டப்படி வருத்தத்துக்கு லீவு எடுக்கலாம், சம்பளமும் உண்டு. நான் எடுக்கவில்லை. பத்தொன்பது வருடம் டாக்டரிடம் ஒரு துண்டும் வாங்கிக் கொடுக்காததற்காக ஒரு டிசம்பரில் நத்தார் விருந்தில் மரப்பெட்டியில் வைத்த திருப்புளிச் செட்டொன்று பரிசாகத் தந்தார்கள். அது எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு திருகாணிக்கும் அதைத் தொட்டதில்லை.

என்னோடு பொதி கட்டும் துருக்கிக்காரர் ஒருவர் இருக்கிறார். அந்தப் பரிசைப் பார்த்துச் சொன்னார்: “உனக்கு வருத்தம் வராமல் இல்லை. போன் பண்ணிச் சொல்லப் பயம்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தக் கோடையில் எட்டுப் பெட்டிகளில் மிகப் பெரியது பன்னிரண்டு புள்ளிப் பாடம். அதன் பரீட்சை ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு. அந்த வாரம் எனக்குப் பின்னேர வேலை. மனைவி விடியவே போய்விட்டாள். எட்டு மணிக்கு நான் குசினிக்குள் வந்தபோது மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்தாள். முகம் சிவந்து கண்கள் உள்ளே போயிருந்தன. நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

அவளுக்குக் குரல் இல்லை. காற்றுத்தான் வந்தது. “அப்பா, எனக்கு ஏலாது. டொக்டரிட்ட ஒருக்காப் போன் பண்ணுங்கோ. எனக்குக் கதைக்க வருதில்லை.”

“என்னெண்டு சொல்லுறது?”

“இண்டைக்குப் பரீட்சை, காய்ச்சல், அட்டெஸ்ட் வேணும் எண்டு சொல்லுங்கோ. அது இருந்தால் செப்டம்பர்ல எழுதலாம். விண்ணப்பத்துக்கும் நாள் இருக்கு.”

அட்டெஸ்ட் என்பது டாக்டர் எழுதித் தரும் அத்தாட்சி. அவளே இலக்கத்தை அழுத்திப் போனை என் கையில் தந்தாள். இரண்டு முறை மணி அடித்தது. மூன்றாவதில் ஒரு பெண் எடுத்தாள். டாக்டரின் பெயரைச் சொல்லி, காலை வணக்கம் சொல்லி, வேகமாக ஏதோ கேட்டாள். என் வாய் திறந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. அவள் மறுபடி “ஹலோ?” என்றாள். நான் போனை நிறுத்தினேன்.

“எடுக்கினமில்லை” என்று மகளிடம் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி மல்லியும் இஞ்சியும் எடுத்துத் தண்ணீரில் போட்டேன். திரும்பாமலே பேசினேன். எனக்குப் பேச்சு வந்த நேரம் அது. “இதைக் குடிச்சு ஒரு குளிசை போட்டிட்டுப் போய் எழுது பிள்ளை. ரெண்டு மணித்தியாலம் தானே. படிச்சதெல்லாம் தலையில இருக்கு. நான் காய்ச்சலோட எத்தினை நாள் வேலைக்குப் போனனான். எங்கட ஆக்கள் உதுக்கெல்லாம் நிக்கிறேல்ல.”

அவள் கோப்பையை வாங்கி முழுவதையும் குடித்தாள். பிறகு எழுந்து போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தாள்.

பல்கலைக்கழகம் மேட்டில் இருக்கிறது. பஸ்ஸில் அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. சின்ன வயதுக்குப் பிறகு அப்படி அவள் சாய்ந்தது அன்றைக்குத்தான். அந்தச் சூடு என் சட்டைக்குள்ளால் வந்தது. அவள் உள்ளே போனாள். நான் வெளியே சீமெந்து வாங்கில் இருந்தேன். உள்ளே போன பிள்ளைகள் சிலர் அரை மணித்தியாலத்திலேயே வெளியே வந்தார்கள். அவர்களைப் பார்த்து, என் பிள்ளை இன்னும் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி ஆட்களோடுதான் அவள் வந்தாள். சுவரைப் பிடித்தபடி வந்தாள்.

மூன்று கிழமையால் அந்தப் பெட்டியில் ‘4’ என்று எழுதியிருந்தது. காலையில் தேநீரோடு நான்தான் முதலில் பார்த்தேன். மகளின் அறைக் கதவைத் தட்டி, “பிள்ளை, பாசாகிட்டாய் எல்லோ!” என்றேன். அவள் கதவைத் திறக்கவில்லை. “ஓம் அப்பா” என்று மட்டும் சத்தம் வந்தது. நித்திரை என்று நினைத்தேன். மனைவி மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போனோம். பூசை முடிந்து ஆண்கள் நிற்கும் இடத்தில் நானாகப் போய் ஒரு கதை சொன்னேன். அது நடப்பதே இல்லை. நூற்றி மூன்று காய்ச்சலோடு மகள் போய் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டாள் என்றேன். “அண்ணையின்ர பிள்ளை வேறென்ன செய்யும்!” என்று ஒருவர் என் முதுகில் தட்டினார். மகள் பக்கத்தில் நின்றாள். தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது தொங்கு ரயிலில் நானும் அவளும் எதிரெதிரே இருந்தோம். மனைவி கோயிலில் பெண்களோடு நின்றுவிட்டாள். ஆற்றுக்கு மேலால் போய்க்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: “அப்பா, அந்த நாலைப் பற்றி இனி ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.”

“ஏன், பாஸ் தானே?”

“பாஸ். அதுதான் பிரச்சினை. தவறினால் திரும்ப எழுதலாம். பாசானால் திரும்ப எழுதேலாது. அந்த நாலு அப்பிடியே நிக்கும். பன்னிரண்டு புள்ளிக்கு நாலு. மற்ற ஏழும் நான் எவ்வளவு நல்லாச் செய்தாலும் அது இழுத்துக்கொண்டு போகும்.”

எனக்கு விளங்க ஒரு தரிப்பிடம் போயிற்று. தோற்றிருந்தால் நல்லது, தேறியதால் கெட்டது. இப்படி ஒரு விதி இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

“அப்ப, எழுதாமல் விட்டிருக்கலாமே? வெறுந்தாளைக் குடுத்திட்டு வந்திருக்கலாமே?”

“யோசிச்சனான். எழுதினதை எல்லாம் வெட்டிப்போட்டுக் குடுப்பம் எண்டு பேனையையும் வைச்சனான்.” அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். “நீங்க வெளியில இருந்தீங்கள். வெறுந்தாளைக் குடுத்திட்டு உங்களுக்கு முன்னால எப்பிடி வாறது?”

எங்கள் தரிப்பிடம் வந்தது. இறங்கினோம். படிகளில் அவள் முன்னால் ஏறினாள்.

அவள் விட்டுவிடவில்லை. ஆகஸ்டில் இன்னொரு பாடத்துக்கும் பதிந்து ஒன்பதாவது பெட்டி கீறினாள். புள்ளி அவளுக்குத் தேவையில்லை. நல்ல எண் ஒன்று சேர்ந்தால் சராசரி கொஞ்சம் இறங்கும். அந்த மாதம் வழக்கம்போல நாங்கள் கேவலார் மாதா திருவிழாவுக்குப் பஸ்ஸில் போனோம். பிறந்த நாளிலிருந்து அவள் தவறாமல் வந்த இடம். அந்த முறை வரவில்லை. மனைவி அவளுக்காக ஒரு பெரிய மெழுகுதிரியை வைத்து, முழங்காலில் நெடுநேரம் நின்றாள். நான் பின்னால் நின்றேன். பொய் சொன்னதை மாதாவிடம் சொல்ல நினைத்தேன். அங்கேயும் எனக்கு வாய் வரவில்லை.

ஒன்பதாவதில் அவளுக்கு ஒன்று தசம் மூன்று கிடைத்தது. விண்ணப்பம் போயிற்று.

பதில் அக்டோபரில் ஒரு பகல் வந்தது. மகளின் பெயருக்கு வந்த கடிதத்தை நான் திறந்ததே இல்லை. அன்றைக்கு அவள், “வந்தால் திறந்து பாருங்கோ, எனக்குப் பொறுமை இல்லை” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். திறந்தேன். முதல் வரியிலேயே ‘லைடர்’ என்ற சொல் இருந்தது. ஜெர்மன் மொழியில் எனக்கு மிக நன்றாகத் தெரிந்த சொல் அது. வருத்தத்துடன் என்று பொருள். என் அகதி விண்ணப்பத்துக்கு வந்த முதல் கடிதம் அதில்தான் தொடங்கியது, இரண்டாவதும் அப்படியே. மிச்சத்தை வாசிக்கத் தேவையிருக்கவில்லை.

அவள் வந்து மேசையில் இருந்து முழுவதையும் வாசித்தாள். கடைசியாக எடுபட்டவருக்கும் அவளுக்கும் தசம் ஒன்றுதான் வித்தியாசம் என்று சொன்னாள். தாளை மடித்தாள்.

“என்னால தான்” என்றேன். “காய்ச்சலோட உன்னை அனுப்பினது பிழை. நான் எங்கட பழக்கத்தில...”

“பழக்கம் இல்லை அப்பா. அண்டைக்குப் போனை எடுத்தவை. எனக்குக் கேட்டது.”

அவள் அன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். குசினி சின்னது. அந்தப் பெண்ணின் ஹலோ அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

“கேட்டும் ஏன் பிள்ளை போனாய்?”

“உங்களைப் பொய்க்காரன் எண்டு சொல்ல எனக்கு அண்டைக்குக் குரல் இருக்கேல்ல.”

சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. “சும்மா சொன்னனான்” என்றாள். சும்மா சொல்லவில்லை என்று இருவருக்கும் தெரியும். எழுந்து, சுவர்த் தாளின் கீழே புதிய தாளொன்றை ஒட்டி, குளிர்காலத்துக்கான பெட்டிகளைக் கீறத் தொடங்கினாள். மார்ச்சில் இன்னொரு முறை விண்ணப்பிக்கலாமாம். இந்த முறை ஆறு பெட்டிதான் கீறினாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசினாள், தேநீர் போட்டுத் தந்தாள், பனி பெய்தால் கையுறை எடுத்துப் போகச் சொன்னாள். ஆனால் என்னிடம் ஓர் உதவியும் கேட்கவில்லை. கடையில் பால் வாங்கி வரும்படிகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு வெள்ளைத் தாளில் ஜெர்மன் வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். காலை வணக்கம். என் மகளுக்குக் கடும் வருத்தம். இன்றைக்குப் பரீட்சை. அத்தாட்சி வேண்டும். தயவுசெய்து மெதுவாகப் பேசுங்கள். அவளுடைய பிறந்த நாளையும் சொற்களாக எழுதி வைத்தேன், எண்களை அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிடுவேன் என்று. மனைவி கண்டுவிட்டு, “என்னப்பா, ஜெபமோ?” என்று கேட்டாள். அவளிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். பிறகு, “சத்தமா வாசியுங்கோ பாப்பம்” என்றாள். நான் வாசித்தேன். “இன்னும் சத்தமா” என்றாள்.

பெப்ரவரியில் அது தேவைப்பட்டது. எனக்குக் காலை வேலை. ஐந்தரைக்குச் சப்பாத்துப் போட வந்தபோது குளியலறையில் மகள் ஓங்காளித்துச் சத்தி எடுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் சுவரைப் பிடித்தாள். தொட்டுப் பார்த்தேன், அதே சூடு. அன்று பத்து மணிக்குப் பரீட்சை. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குள் போய்ப் புத்தகப் பையை எடுத்து வைத்தாள்.

“இரு” என்றேன்.

“வேலைக்குப் போங்கோ அப்பா. நான் பாக்கிறன்.”

“இரு பிள்ளை.”

முதலில் தொழிற்சாலைக்குப் போன் எடுத்தேன். எடுத்தது அந்தத் துருக்கிக்காரர். இன்றைக்கு வரவில்லை என்று சொன்னேன். “யார் பேசுவது?” என்றார். பெயரைச் சொன்னேன். அவர் பெயரைத் திருப்பிக் கேட்டார். “சாகக் கிடக்கிறாயா?”

“இல்லை. மகளுக்குக் காய்ச்சல்.”

“உன் மகளுக்கு இருபத்தொரு வயது.”

“ஆம்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “ஒரு நாள் விடுமுறை என்று எழுதுவிக்கிறேன். போய்ப் பார்” என்று வைத்தார்.

எட்டு மணிக்கு டாக்டர் வீட்டுக்கு எடுத்தேன். தாள் மேசையில் விரித்திருந்தது, போர்வையோடு மகள் எதிரே இருந்தாள், ஜூலையில் இருந்த அதே கதிரையில். மூன்றாவது மணியில் பெண் எடுத்தாள். நான் வாசித்தேன். இரண்டாவது வசனத்தில் குரல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவள் பெயர் கேட்டாள், பிறந்த நாள் கேட்டாள். வாசித்தேன். பிறகு தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். “மெதுவாக” என்ற வசனத்தைத் தேடிச் சொன்னேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: நடந்து வர முடியுமா? முடியும் என்றேன். அதற்குத் தாள் தேவைப்படவில்லை.

படிகளில் அவளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். காத்திருக்கும் அறையில் ஒரு மணித்தியாலம் இருந்தோம். டாக்டர் பார்த்து முடிந்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஒரு துண்டைத் தந்தாள். வேலைக்குக் கொடுக்கிற சாதாரணத் துண்டு. பரீட்சை அலுவலகத்துக்கு அது போதாது என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். அவர்களுடைய படிவத்தில் டாக்டர் தன் கையால் எழுத வேண்டும். அந்தப் படிவம் என் சட்டைப் பையில் இருந்தது. மகள் கதிரையில் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

“இது அல்ல” என்றேன். படிவத்தை விரித்து வைத்தேன். “இது.”

டாக்டர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார், இன்னும் நேரமாகும் என்றாள் அந்தப் பெண். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். வழக்கமாக அந்த இடத்தில் நான் துண்டை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி, வெளியேறியிருப்பேன்.

“நான் நிற்கிறேன்” என்றேன். மேசையை விட்டு ஓரடி தள்ளி, அவள் கண்ணில் படும்படி நின்றேன். முக்கால் மணித்தியாலம் நின்றேன். முகம் முழுக்க எனக்கு வியர்த்திருந்தது. டாக்டர் வந்தார், எழுதினார், முத்திரை குத்தினார்.

மகளை வீட்டில் படுக்க வைத்துவிட்டு மேட்டுக்கு நானே கொண்டு போனேன். பரீட்சை அலுவலகத்தின் வாசலில் ஒரு கடிதப் பெட்டி இருந்தது. போட்டேன். போட்டபிறகு பயம் வந்தது. கதவைத் தட்டி உள்ளே போய், பெட்டியில் போட்டிருக்கிறேன், இன்றைக்கே எடுப்பீர்களா என்று கேட்டேன். உள்ளே இருந்தவர் எழுந்து வந்து பெட்டியைத் திறந்து எடுத்துக்காட்டினார்.

மார்ச் முதல் கிழமையில் அவள் அந்தப் பரீட்சையை எழுதினாள். ஒன்று தசம் ஏழு. ஏப்ரலில் அவளுக்கு இடம் கிடைத்தது. அரை வருடம் பிந்தி. அந்த அரை வருடத்தை நான் எடுத்ததாகத்தான் இன்றும் நினைக்கிறேன். பெப்ரவரியில் பேசியதால் ஜூலையில் பேசாதது இல்லாமல் போகவில்லை. இல்லாமல் போய்விட்டது என்று அவளும் ஒரு நாளும் சொன்னதில்லை.

போகிற நாளில் சுவரிலிருந்த தாள்களைக் கவனமாகக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். பெப்ரவரிக்குப் பிறகு நான் ஒட்டிய என் வசனத் தாள் அவற்றுக்குக் கீழே இருந்தது. அதைத் தொடவில்லை. பிறகு அந்தப் பெரிய வெறும் சுவரில் அது மட்டும்தான் ஒட்டியிருந்தது.

போன கிழமை அங்கிருந்து போன் எடுத்தாள். தடிமன் பிடித்த குரல். “அப்பா, இஞ்ச எனக்கு இன்னும் டொக்டர் இல்லை. புது ஆக்களை எடுக்கினமோ எண்டு ஒரு இடத்தில கேக்க வேணும். எனக்கு நாள் முழுக்க லாப். நீங்க ஒருக்காக் கேட்டுச் சொல்லுவீங்களோ?”

“இலக்கத்தைச் சொல்லு” என்றேன். சுவரிலிருந்த என் வசனத் தாளைக் கழற்றி அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.